கோழிக்கு உண்டு, குடியிருப்போனுக்கு இல்லை!

சித்திரைத் திங்கள். பிற்பகல் 2 மணி. நாமக்கல்லிலிருந்து மோகனூர் செல்லும் சாலையோரம் ஒரு கோழிப்பண்ணை. வரிசை வரிசையாகக் கூண்டுகள். கூண்டுக்குள்ளே கொக்கரிப்பை மறந்து, அலகைப் பிளந்து, இறக்கையை விரித்து இரைக்கும் கோழிகள். பண்ணைக்காரர் விரைகிறார். தூணிலே தொங்கும் வெப்பமானியை உற்றுப் பார்க்கிறார். முகம் கறுக்கிறது. "மோட்டாரைப் போடு கண்ணு, சீக்கிரம்!" என்று குரல் கொடுக்கிறார். கூரையின்மீது நீர்த் தெளிப்பான்கள் சுழல்கின்றன. பக்கத்திலே கட்டிய சாக்குப் படுதாக்கள் நனைகின்றன. கோழியின் இரைப்பு மெல்ல மெல்ல அடங்குகிறது.

மாலை வருகிறது. அந்தப் பண்ணையிலே முட்டை எடுக்கும் தொழிலாளி வீடு திரும்புகிறார். தலைக்கு மேலே கல்நார் அட்டை. அட்டைக்குக் கீழே மனைவி, இரு மக்கள், வயது முதிர்ந்த தாய். அங்கே தெளிப்பான் இல்லை, படுதா இல்லை, வெப்பம் எவ்வளவு என்று பார்க்க ஒரு வெப்பமானியும் இல்லை!

தோழரே, கோழியின்மீது எனக்குப் பொறாமையில்லை. பண்ணைக்காரர்மீது பகையுமில்லை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. இரைத்துத்தான் அது தன் உடற்சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். இரைப்பு மிகுந்தால் தீனி குறையும், முட்டை ஓடு மெலியும், சூடு 40 டிகிரியை நெருங்கினால் கூண்டுக்குள்ளேயே சாகும். ஆகவே கொட்டகை கட்டும்போதே, நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும், பக்கச்சுவரிலே வெயில் அடிக்கக் கூடாது என்று திட்டமிடுகிறார்கள். கட்டிய பிறகும் விடுவதில்லை. கூரைக்கு வெள்ளை பூசுகிறார்கள், கீற்று பரப்புகிறார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து, இந்த வாரம் வெயில் எப்படி, கோழிக்கு என்ன செய்யலாம் என்று அறிவுரை வருகிறது. நாளேடுகள் அதை வெளியிடுகின்றன. அறிவியலும் ஆதாயமும் கைகோத்து நடக்கும் காட்சி அது. பாராட்டுகிறேன். ஆனால், ஓர் உயிருக்கு எவ்வளவு வெப்பம் தாங்கும் என்று அளந்து, அதற்கேற்பக் கூரையைத் திருத்தும் கலை இந்த மண்ணுக்குத் தெரியாததல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? தெரிந்த கலை, மனிதன் குடியிருக்கும் வீட்டு வாசலிலே வந்து நின்றுவிட்டதே, ஏன்? அதுதான் இன்று உங்களிடம் நான் கொண்டுவந்துள்ள வழக்கு.

சென்ற ஆண்டு கோடையில் குமாரபாளையம் பக்கம் ஒரு கூட்டம். பேசி முடிக்க இரவு 11 மணி. தறி நெய்யும் தோழர் ஒருவர் தம் இல்லத்திலேயே தங்கவேண்டுமென்று அழைத்துச் சென்றார். ஓரறை, ஒரு சமையற்கட்டு. மேலே காங்கிரீட் தளம். தொகுப்பு வீட்டுத் திட்டத்திலே கிடைத்தது. உள்ளே நுழைந்தேன். அடுப்பை அணைத்த பின்னும் அனல் வீசுமே, அப்படி! தளத்தைத் தொட்டுப் பார்த்தேன். நள்ளிரவு நெருங்கும் வேளையிலும் இளஞ்சூடு. "உள்ளே படுக்க முடியாதுங்க அண்ணா, மாடியிலே பாய் போட்டிருக்கேன்" என்றார் தோழர். மாடியிலே காற்று இருந்தது. அக்கம்பக்கத்து ஆடவரெல்லாம் அங்கங்கே மாடியிலும் தெருவிலும் படுத்திருந்தனர். நான் கேட்டேன்: "வீட்டிலே பெண்கள்?" அவர் சிறிது நேரம் பேசவில்லை. "அவங்க உள்ளேதாங்க" என்றார்.

உள்ளே! தேர்வுக்குப் படிக்கும் மகள், கதவைத் தாழிட்ட அந்த அடுப்புக்குள்ளே! ஆடவனுக்குத் தெரு இருக்கிறது, திண்ணை இருக்கிறது, மாடி இருக்கிறது. பெண்ணுக்கு அந்த அறைதான். வீட்டின் வெப்பம் எல்லோருக்கும் ஒன்றல்ல, தோழரே. ஆணுக்கொரு வெப்பம், பெண்ணுக்கொரு வெப்பம் என்று அது பங்கிட்டுக்கொண்டிருக்கிறது. அன்றிரவு நான் மாடியிலே உறங்கவில்லை, காற்றில்லாமையால் அல்ல.

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். பௌதிகத்தில் எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணை இங்கே வெளியிட்டால் நம் கட்சிக்குத்தான் இழுக்கு. ஆயினும் இவ்வளவு எனக்கும் விளங்குகிறது. காங்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை உண்கிறது. இரவெல்லாம் அதை உமிழ்கிறது. சூரியன் மறைந்த பிறகும் அதன் உள்முகத்திலே சூடு தங்கி நிற்கிறது. உழைத்தவன் உறங்கவேண்டிய வேளை எதுவோ, அதே வேளையைத் தேடிப்பிடித்து அது சுடுகிறது! தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு, அதன்மேல் தட்டோடு பதிப்பது நம் கொத்தனார்கள் அறிந்த பழைய முறை. மழையைத் தடுக்கும், சூட்டையும் தணிக்கும். செலவு மிச்சம் என்று முதலில் கைவிடப்பட்டது அதுதான்.

"அப்படியானால் குடிசைக்கே திரும்பலாம் என்கிறாயா?" என்று எதிர்முகாம் நண்பர் யாரேனும் கேட்கக்கூடும். கேட்கட்டும். பனையோலைக் கூரை குளுமையென்று பாட்டுப் பாடுவோர், மாடிவீட்டிலே அமர்ந்து பாடுகிறார்கள். ஒரு தீப்பொறியிலே தெருவே சாம்பலானதையும், ஐப்பசி மழையிலே ஒழுகாத மூலை தேடிக் குழந்தையைக் கிடத்திய தாயையும் கண்டவன் அதைப் பாடமாட்டான். குடிசையிலிருந்து தளத்துக்கு வந்தது வெற்றி. போராடிப் பெற்ற வெற்றி. நான் கேட்பது, வெற்றி பெற்ற வீட்டுக்குள்ளே மறுபடி ஒருமுறை எட்டிப் பார்த்தோமா என்பதுதான்.

2010-இல், குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக மாற்றும் பெருந்திட்டம் வந்தது. 2011-இல் பசுமை வீடுகள் வந்தன: 300 சதுர அடி, சூரிய ஒளியிலே எரியும் 5 விளக்குகள். 2024-இல் தொடங்கிய திட்டத்திலே வீடொன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய். ஆட்சிகள் மாறின, தொகை ஏறியது, பெயர்ப்பலகை மாறியது. விளக்கு சூரியனால் எரிந்தது. குடியிருந்தவரும் சூரியனால் எரிந்தார்!

நாடகம் எழுதிப் பிழைப்பவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். எங்கள் மேடையிலே அரண்மனை உண்டு, குடிசை உண்டு, மாளிகை உண்டு. ஒன்றுக்கும் கூரை கிடையாது. பார்ப்பவர் கண்ணுக்கு முன்பக்கம் போதும். ஏற்காடு சாலையிலே மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்ததே, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் பிறந்த இடம், அங்கே எழுந்த மாளிகைகளுக்கும் அதே நிலைதான்; கூரை இருக்கவேண்டிய இடத்திலே விளக்குகள் தொங்கும். திறப்பு விழாப் படங்களைப் பாருங்கள். வர்ணம் அடித்த முகப்பு, மாவிலைத் தோரணம், பெயர்ப்பலகை, பயனாளியின் சிரிப்பு. கூரையைப் படமெடுத்தவர் உண்டா? நாமும் வீடு கட்டினோமா, அரங்கம் அமைத்தோமா என்று எனக்கே ஐயம் வந்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-இல் பிறந்தது. பெரும் ஆலைகள் தங்கள் எரிசக்திச் செலவைத் தணிக்கை செய்தாக வேண்டுமென்று அது விதித்தது. வாணிகக் கட்டடங்களுக்கு 2007-இல் விதிமுறை வந்தது. குடியிருப்புகளுக்கு 2018-இல் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற பெயரிலே ஒரு விதித்தொகுப்பு (பெயரைப் பாருங்கள், நம் கொத்தனாருக்கு எவ்வளவு எளிதாக நாவிலே புரளும்!). கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும், ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் புகலாகாது என்று அது எல்லை கட்டியது. நல்ல எல்லை. மேற்பூச்சேதும் இல்லாத வெறுந்தளம் அதைப்போல ஏறத்தாழ மும்மடங்கு வெப்பத்தை உள்ளே விடுகிறது. ஆனால் அந்த விதி, இனிமேல் கட்டப்போகும் பெரிய குடியிருப்புகளை நோக்கி எழுதப்பட்டது. கட்டி முடித்து, குடிபுகுந்து, வெந்துகொண்டிருப்பவர் கணக்கிலே இல்லை!

உலகம் இப்படியா இருந்தது? 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும் அமெரிக்கா அலறியது. 1976-இல் ஒரு திட்டம் வகுத்தார்கள்: வருவாய் குறைந்தவரின் பழைய வீட்டுக்கு அரசின் செலவிலே ஆள் போவார், எங்கே காற்று கசிகிறது, எங்கே சூடு வெளியேறுகிறது என்று அளப்பார், அளந்த பிறகு அடைப்பார்கள். அங்கே பகைவன் குளிர்; ஆகவே சூட்டை உள்ளே பிடித்துவைக்கும் முயற்சி. இங்கிலாந்திலே 2007 முதல், வீட்டை விற்க வந்தால் அதன் எரிசக்தித் தரத்துக்குச் சான்றிதழ் காட்டியாக வேண்டும். குளிர்நாட்டான் பழைய வீட்டை அளக்கிறான். வெயில்நாட்டான் வானத்தைப் பார்த்து 'என்ன வெயில், என்ன வெயில்' என்று வியக்கிறான்!

நம் நாட்டிலும் விழித்தவர் உண்டு. 2010 மே மாத வெப்பத்திலே பலரைப் பறிகொடுத்த அகமதாபாத், 2013-இல் வெப்பத் தடுப்புத் திட்டம் வகுத்தது. 2017-இல் ஏழைக் குடியிருப்புக் கூரைகளுக்கு வெள்ளை பூசத் தொடங்கியது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக் கொள்கையையே அறிவித்தது. 2024-இல், சேலமும் ஈரோடும் 40 டிகிரியைத் தாண்டித் தகித்த ஆண்டில், தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என அறிவித்து, அதனால் மடிந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. தேவையான அறிவிப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் செத்தபின் 4 லட்சம் தருவதற்கு மனம் வந்த கருவூலம், சாகுமுன் கூரைக்கு நாலு மூட்டைச் சுண்ணாம்பு தரக்கூடாதா?

"மின்சாரம்தான் இலவசமாயிற்றே, இன்னும் எதற்கு வீட்டை அளப்பது?" என்போர் நம் அணியிலேயே உண்டு. 2016-இல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசமானது. 2023-இல் கைத்தறிக்கு 300, விசைத்தறிக்கு 1000 என்று உயர்ந்தது. ஏழைக்குத் தந்த உரிமை அது. அதிலே கைவைப்பவரை நாம் விடமாட்டோம். ஆனால் அந்த இலவசம் எங்கே போகிறது பாருங்கள். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். நாளொன்றுக்கு 16 மணி நேரம் சுழன்றால், மாதத்துக்கு 36 யூனிட். இரண்டு விசிறி, 72. புதுவகை விசிறி 30 வாட்டிலே அதே காற்றைத் தரும். இரண்டுக்கும் சேர்த்து 29 யூனிட்தான். ஏழைக்கென்று தந்த சலுகையைப் பழைய விசிறியின் செப்புக்கம்பிச் சுருள் சூடாக்கித் தின்றுவிடுகிறது. சரி, விசிறியை மாற்றினாய். கூரை சுடுகிறதே? சூடான தளத்தின் கீழே சுழலும் விசிறி, அந்தச் சூட்டையே அல்லவா நம்மேல் இறக்குகிறது? 30 வாட்டிலே இறக்கினாலென்ன, 75 வாட்டிலே இறக்கினாலென்ன?

இங்கேதான் நம் முழக்கம் மற்றவர் முழக்கத்திலிருந்து பிரிகிறது. கவனியுங்கள். எரிசக்தித் தணிக்கை என்று வருகிற நிபுணர், யூனிட்டைத்தான் எண்ணுவார். குளிர்பதனப் பெட்டி எத்தனை, ஏசி எத்தனை, எவ்வளவு மிச்சப்படுத்தலாம் என்பார். சேலம் மாநகரின் வசதி மிகுந்த வீடுகளிலே மிச்சப்படுத்த நிரம்ப இருக்கிறது. தறிக்காரர் வீட்டிலே? ஒரு விளக்கு, ஒரு விசிறி, ஒரு தொலைக்காட்சி. 'இங்கே மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை, இது சிக்கனமான வீடு' என்று நல்ல சான்றிதழ் எழுதிவிட்டுப் போய்விடுவார்! பட்டினி கிடப்பவனைப் பார்த்து, உணவுக் கட்டுப்பாட்டிலே நீ முதல்வன் என்று பதக்கம் தருவதுபோல. பண்ணைக்காரர் அப்படிக் கணக்கிடுகிறாரா? தெளிப்பானுக்கு ஓடிய மோட்டாரின் யூனிட்டையா எண்ணுகிறார்? கோழி எவ்வளவு தின்றது, எத்தனை முட்டை, எத்தனை சாவு என்றல்லவா எண்ணுகிறார்! மனித வீட்டுக்கும் அளவுகோல் அதுவாக இருக்கட்டும். மிச்சமான யூனிட் பிறகு. கூரையின்கீழே இரவு 10 மணிக்கு எத்தனை டிகிரி? அந்தக் கிழவி உறங்கினாளா? அந்தப் பெண் படித்தாளா? முதல் கேள்விகள் இவை.

கணக்கெடுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நம் மக்கள் அஞ்சுகிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தாளும் பேனாவுமாக யாரேனும் வந்தால், இலவச யூனிட்டை வெட்டவோ, குடும்ப அட்டையைக் குறைக்கவோதான் வருகிறார் என்று கதவைச் சாத்துகிறார்கள். காரணமில்லாத அச்சமல்ல. ஆகவேதான் இந்த வேலையை முன்பின் தெரியாத கம்பெனி ஆளிடம் விடக்கூடாது என்கிறேன். தேர்தல் நேரத்திலே வாக்காளர் பட்டியலோடு ஒவ்வொரு வீட்டுப்படியும் ஏறுகிற கிளைத் தோழர்களே, உங்களுக்குத் திறக்காத கதவு ஏது? தொழிற்பயிற்சி நிலையத்திலே மின்பணி படித்த இளைஞன் தெருவுக்கு ஒருவன் இருக்கிறான். அவனையும் அழைத்துக்கொள்ளுங்கள்.

என்ன பார்ப்பது? நான் கொத்தனாரிடமும் மின்பணியாளரிடமும் கேட்டறிந்ததைச் சொல்கிறேன். ஒரு வெப்பமானி போதும். பிற்பகல் 3 மணிக்கு ஒன்று, இரவு 10 மணிக்கு ஒன்று, வெளியே நிழலில் எவ்வளவு, உள்ளே கட்டில் உயரத்தில் எவ்வளவு என்று குறியுங்கள். கூரை எது? நாட்டு ஓடா, சீமை ஓடா, அட்டையா, தகரமா, வெறுந்தளமா? எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல் உண்டா, அல்லது காற்று நுழைந்து வெளியேற வழியில்லாத பெட்டியா? சமையல் புகை எங்கே போகிறது? பிறகு மின்பெட்டிக்கு வாருங்கள். எல்லாப் பொத்தானையும் அணைத்த பிறகும் மீட்டரிலே சிவப்புப் புள்ளி சிமிட்டிக்கொண்டிருந்தால், எங்கோ கசிவு, அல்லது அணைத்ததாக நினைத்து அணைக்காத ஏதோ ஒன்று. கசிவென்றால் அது பணப்பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப்பிரச்சினை. குளிர்பதனப் பெட்டி இருந்தால், கதவிடுக்கிலே ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். எதிர்ப்பின்றி வழுக்கி வந்தால் ரப்பர் பட்டை தளர்ந்துவிட்டது.

கூரைக்கு மருந்து? வெறுந்தளமானால் தூசு கழுவி, வெள்ளைச் சிமெண்டும் பசையும் கலந்த சுண்ணாம்பு இருமுறை. வெயிலை வெண்மை திருப்பி அனுப்பும். அறையின் சூடு 2 முதல் 5 டிகிரி வரை குறையும் என்பது பல ஊர்களிலே கண்ட அனுபவம். மழையிலும் புழுதியிலும் மங்கும். ஆண்டுதோறும் மாசியிலோ பங்குனியிலோ மறுபடி பூசவேண்டும். வசதியிருந்தால் தட்டோடு. தகரத்திலே சுண்ணாம்பு நிற்காது, உரிந்துவிடும்; வெள்ளைப் பெயிண்ட் வேண்டும். அட்டைக் கூரையிலே எச்சரிக்கை! பழைய அட்டையைச் சுரண்டாதீர்கள், துளையிடாதீர்கள். கல்நார் இழை மூச்சிலே புகுந்தால் பல ஆண்டு கழித்து நுரையீரலை அரிக்கும். அதன்மேல் ஏறி நிற்கவும் கூடாது. கால் வைத்த இடத்திலே உடைந்து விழுந்தவர்கள் உண்டு. ஏணியிலே நின்று நீள்தடிக் கருவியால் பூசுங்கள். கீழே இடைவெளி விட்டு மூங்கில் பாய் கட்டுங்கள்.

சுண்ணாம்புக்கு நாம் டில்லிக்கு மனுப்போட வேண்டியதில்லை. சங்ககிரி மண்ணிலே சுண்ணாம்புக்கல். கோழியின் முட்டை ஓடு கெட்டிப்படவே வண்டி வண்டியாகச் சுண்ணாம்புக்கல் தூள் இங்கே தீனியிலே கலக்கப்படுகிறது! முட்டையின் கூரைக்குக் கிடைக்கிற சுண்ணாம்பு, முட்டை எடுப்பவன் கூரைக்கு எட்டவில்லை. மேட்டூரிலே 1934-இல் எழுந்த அணை. அதனருகே 1987 முதல் நிலக்கரியைச் சுட்டு மின்சாரம் காய்ச்சும் அனல் நிலையம். கோடை இரவிலே, எல்லோரும் ஒரே நேரத்தில் விசிறியைச் சுழற்ற, கம்பிக் கோடியிலே இருக்கும் தெருவிலே மின்னழுத்தம் தாழ்ந்து, இறக்கைகள் எண்ணிப்பார்க்கும்படி மெதுவாகச் சுற்றுகின்றன. உலையின் வாசலிலே குடியிருந்தும் நமக்குக் கிடைப்பது அதன் வெப்பந்தானோ!

இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது. அதுதான் கடினமான முடிச்சு. சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும், பள்ளிப்பாளையத்திலும், திருச்செங்கோட்டிலும் உழைப்பாளர் பெரும்பாலோர் வாடகைக்குத்தான் இருக்கிறார்கள். வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள். கூரை உரிமையாளருடையது, கூரை இறக்கும் சூடு குடியிருப்போனுடையது. இவன் செலவழித்து வெள்ளை பூசினால், அடுத்த மாதம் 'வீடு குளுமையாகிவிட்டது, வாடகையை ஏற்று' என்பார்! மீட்டரோ உரிமையாளர் பெயரிலே. உட்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் நிர்ணயிக்கிற விலை. அரசு தந்த இலவச யூனிட் யார் வீட்டு விளக்கிலே எரிகிறதென்று நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லா உரிமையாளரும் இப்படியென்று சொல்லமாட்டேன். ஆனால் அரசு உதவி கூரைக்கு வருமானால், அந்த வீட்டுக்கு 5 ஆண்டு வாடகை ஏற்றக்கூடாது என்ற நிபந்தனையோடு வரவேண்டும். சட்டமன்றத்திலே நம்மவர் எழுப்பவேண்டிய குரல் இது. அரசின் திட்டங்களிலே கட்டிய வீடுகளை ஊராட்சி வாரியாக மறுபடி அளக்கவேண்டும். அளந்ததை மறைக்காமல் ஊராட்சிச் சுவரிலே எழுதவேண்டும். கூரைக்கென்று தனி நிதி ஒதுக்கவேண்டும். இதையும் அங்கே கேளுங்கள்.

குமாரபாளையத்துத் தோழர் காத்திருக்கவில்லை. இந்தப் பங்குனியிலே தம் தளத்துக்கு வெள்ளை பூசிவிட்டார். அறையிலே ஒரு வெப்பமானியும் தொங்குகிறது. அதைப் பார்த்ததும் அவர் துணைவியார் கேட்ட முதல் கேள்வி, "இது கோழிக்கொட்டாயிலே மாட்டறதாச்சே, இங்கே எதுக்குங்க?" என்பது. இப்போது நாள்தோறும் இரவிலே பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் அந்த எண்ணைக் குறிப்பவர் அவர் மகள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து தளத்தைத் தொட்டுப் பார்த்துப் போகிறார்களாம். அந்தச் சந்திலே இன்னும் 7 வீடு. நாலு சொந்தம், மூன்று வாடகை. வாடகை வீட்டுக்கூரைக்கு யார் சுண்ணாம்பு வாங்குவது என்று கிளைக்கூட்டத்திலே 2 மணி நேரம் வாக்குவாதம் நடந்ததாக எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்; முடிவை அடுத்த கடிதத்திலே எழுதுகிறாராம்.